பழைய பாணி வாவா பெடல்: இண்டக்டரைப் பார்க்கணுமா, பாட்டை (பொட்டென்ஷியோமீட்டர்) பார்க்கணுமா?

#1 தெம்பனிஸ்_டோன்

அறுபதுகளின் கடைசியில் கேட்ட வாவா ஒலி வேணும். மெதுவா மிதிச்சாலும் நடுவில ஒவ்வொரு இடமும் தனியா கேட்கணும், ‘ஓ’வில் தொடங்கி ‘ஆ’ வழியா ‘ஈ’ வரைக்கும் வாய் திறக்கிற மாதிரி. கிட்டார் ஸ்ட்ராட் வகை, சிங்கிள் காயில். அடுத்து ஃபஸ் ஃபேஸ் வகை சிலிக்கன் ஃபஸ் (ஒலியைக் கரகரன்னு ஆக்குற பெடல்), அப்புறம் 15 வாட் வால்வ் ஆம்ப். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஹெட்ஃபோன்தான். சத்தமா வாசிக்கிறது ஜாமிங் ஸ்டூடியோவில் மட்டும்.

பட்ஜெட் 300 சிங்கப்பூர் வெள்ளி. பார்த்து வச்சிருக்கிறது டன்லப் கிரை பேபி ஜிசிபி95, ஃபேசல் வகை இண்டக்டர் (கம்பிச் சுருள்) போட்ட ஜிசிபி95எஃப், வாக்ஸ் வி847-ஏ, சின்ன சைஸ் சிபிஎம்95. கரோசெல் விற்பனைத் தளத்தில் எழுபதுகளின் இத்தாலிப் பெடல்னு ஒன்னு இருக்கு, அது பட்ஜெட்டுக்கு மேல. ஹேலோ வகை இண்டக்டர் இல்லாம பழைய ஒலி வராதுன்னு எங்க பார்த்தாலும் எழுதியிருக்கு. உண்மையா? எதை முதல்ல பார்க்கணும்?

#2 சால்டர்_புகை

முதலில் பார்க்க வேண்டியது பாட், அதாவது மிதியோடு சுழன்று மின்தடையை மாற்றும் பாகம். அடுத்து, ஸ்வீப், அதாவது மிதிக்கும்போது ஒலி நகரும் தூரம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது. அதற்கடுத்து உங்கள் ஃபஸ்ஸோடு பெடல் ஒத்துப்போகிறதா. இண்டக்டரின் பெயர் இவற்றுக்கெல்லாம் பிறகுதான்.

நீங்கள் எழுதியிருக்கும் பெடல்கள் அனைத்துக்கும் எலும்புக்கூடு ஒன்றே. 1966இல் அமெரிக்காவின் தாமஸ் ஆர்கன் நிறுவனத்தில் பிராட் பிளங்கெட் என்ற பொறியாளர், ஆம்பில் இருந்த மிட்ரேஞ்ச் சுவிட்சுக்குப் பதிலாக ஒரு பாட் வைக்க முயன்ற வேலையிலிருந்து வந்த சர்க்யூட் இது. 1967இல் ட்ரம்பெட் கலைஞர் கிளைட் மெக்காயின் பெயரில் வாக்ஸ் பெடலாக வெளிவந்தது. கிரை பேபி பெயர் 1982இல் டன்லப் கைக்குப் போனது. இத்தனை கை மாறியும் உள்ளே இருப்பது இரண்டு ட்ரான்சிஸ்டர், 500 மில்லி ஹென்றி இண்டக்டர், 0.01 மைக்ரோ ஃபேரட் ஸ்வீப் கெப்பாசிட்டர், 100 கிலோ ஓம் பாட்தான்.

500 மில்லி ஹென்றியும் 0.01 மைக்ரோவும் சேர்ந்தால் ஒத்ததிர்வு சுமார் 2250 ஹெர்ட்ஸில் விழும். விரல் பக்கம் முழுக்க அழுத்தும்போது கேட்கும் உச்சி அதுதான். குதிகால் பக்கம் சாய்க்கச் சாய்க்க, இரண்டாவது ட்ரான்சிஸ்டர் அந்த 0.01 கெப்பாசிட்டரை உண்மை மதிப்பைவிடப் பல மடங்கு பெரியதாகத் தோன்றச் செய்கிறது. அதனால்தான் ஒலி 400 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது. எத்தனை மடங்கு என்பதைத் தீர்மானிப்பது பாட்டின் நடுமுனை.

பாட் ஏன் முதலில் என்பது இப்போது புரியும். விரல் பக்கம் அழுத்தும்போது நடுமுனை தரையை (சர்க்யூட்டின் எர்த்) நோக்கிப் போகிறது. தரையிலிருந்து 2 கிலோ ஓம் தள்ளி நின்றாலே உச்சி 2250இலிருந்து 1800 பக்கம் இறங்கிவிடும். மறுமுனையிலோ 50 கிலோ ஓமுக்கும் 100 கிலோ ஓமுக்கும் இடையே வெறும் 150 ஹெர்ட்ஸ்தான் வித்தியாசம். நேர்கோட்டு பாட் ஒன்றைப் போட்டால் மிதியின் முதல் பாதி முழுக்க ‘ஓ’விலேயே கிடக்கும், கடைசிக் கால் அங்குலத்தில் ‘ஈ’ என்று பாயும். பழைய இத்தாலிப் பெடல்களில் இருந்த ஐகார் என்ற பாட்டின் டேப்பர் (சுழலச் சுழலத் தடை மாறும் விதம்) இதைச் சமன் செய்தது. இரண்டு ஓரங்களிலும் மெதுவாக நகர்ந்து, நடுவில் வேகம் எடுக்கும். நீங்கள் கேட்கும் ‘ஒவ்வொரு இடமும் தனியாக’ என்பது அந்த டேப்பர்தான்.

கடையில் கேட்டுப் பார்க்கும்போது ஒரு ஸ்ட்ரிங்கை மட்டும் தொடர்ந்து சுண்டிக்கொண்டு, நாலு எண்ணுவதற்குள் மிதியைக் குதிகாலிலிருந்து விரல்வரை கொண்டுபோங்கள். இரண்டாவது எண்ணில் ஒலி பாதித் தூரம் வந்திருக்க வேண்டும். மூன்று வரை ஒன்றும் நடக்காமல் நாலில் பாய்ந்தால் அந்தப் பெடல் வேண்டாம், உள்ளே எந்த இண்டக்டர் இருந்தாலும்.

#3 ஆறுகம்பி

பாட் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இண்டக்டரை அவ்வளவு கீழே தள்ள என்னால் முடியவில்லை.

இண்டக்டர் வெறும் 500 மில்லி ஹென்றி எண் இல்லை. அது ஃபெரைட் என்ற காந்தப் பொருளின் உடம்பில் சுற்றிய கம்பி. பலமாக மீட்டும்போது, அதுவும் ஒத்ததிர்வு உச்சியில், அந்த ஃபெரைட் தன் எல்லையைத் தொடத் தொடங்கும். அப்போது ஒலியின் ஓரம் மழுங்கி, ஒரு மெல்லிய உறுமல் சேரும். ஹேலோ, அடுக்கிய காசுபோல் இருக்கும் ‘ஸ்டாக் ஆஃப் டைம்ஸ்’, சிவப்பு ஃபேசல், மஞ்சள் ஃபேசல், ஜப்பானின் டிடிகே 5103 என்று ஒவ்வொன்றிலும் அந்த உறுமல் வெவ்வேறு அளவில் வரும். கம்பியின் தடையும் வேறுவேறு, ஆக ஒத்ததிர்வின் கூர்மையும் மாறும். சுத்தமான ஆம்பில், நடு நிலையில் மிதியை நிறுத்தி ஒரே நோட்டை மெதுவாகவும் பலமாகவும் மீட்டிப் பாருங்கள். ஹேலோவில் பலமான மீட்டல் கரகரக்கும், மெதுவானது கண்ணாடிபோல் நிற்கும். அந்த வித்தியாசத்துக்காகத்தான் காசு கொடுக்கிறார்கள்.

#4 சால்டர்_புகை

> அந்த வித்தியாசத்துக்காகத்தான் காசு கொடுக்கிறார்கள்

அந்த வித்தியாசம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு விஷயம் சேர்த்துப் பார்க்க வேண்டும், அண்ணா.

கையால் சுற்றிய இண்டக்டர்களில் உண்மை மதிப்பு 500இலேயே நிற்பதில்லை. ஒன்று 450, இன்னொன்று 600 என்றிருந்தால், பிந்தியது உச்சியிலேயே சுமார் 300 ஹெர்ட்ஸ் கீழே. ‘ஹேலோ இனிமையாக இருக்கிறது’ என்று கேட்பதில் பாதி இந்த நகர்வாகவும் இருக்கலாம். இண்டக்டரை அளக்கும் எல்சிஆர் மீட்டரில் ஒரே மதிப்பு காட்டும் இரண்டை மாற்றிப் போட்டுக் கேட்டால்தான் ஃபெரைட்டின் குணம் தனியே தெரியும்.

இரண்டாவது, தம்பியிடம் ஃபஸ் இருக்கிறது. வாவாவுக்குப் பின்னால் ஃபஸ் வந்துவிட்டால் இண்டக்டரின் மெல்லிய உறுமல் அந்தப் பெரிய உறுமலில் கரைந்துபோகும். 300 வெள்ளியில் ஹேலோவுக்கு 60, 70 கொடுப்பதைவிட நல்ல பாட்டும் ஸ்வீப் திருத்தமும் அதிகம் கேட்கும். சுத்தமான ஒலியில் மட்டும் வாசிப்பவராக இருந்தால் உங்கள் பக்கம் நிற்பேன்.

#5 ஈசூன்_ஃபஸ்

ஃபஸ் விஷயத்தை யாரும் இன்னும் தொடலை, அதுதான் இங்க பெரிய வில்லங்கம். தெம்பனிஸ் தம்பி, வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

ஃபஸ் ஃபேஸ் வகை பெடலோட இன்புட் இம்பீடன்ஸ் (உள்ளே வர்ற சிக்னலுக்குக் காட்டுற தடை) ரொம்பக் கம்மி, சில கிலோ ஓம்தான். வாவாவோட அவுட்புட் எடுக்கிற இடமும் பாட்டோட மேல் முனையும் ஒன்னே. அங்க போய் ஃபஸ்ஸை மாட்டினா பாட்டு கூட இணையா ஒரு சின்ன ரெசிஸ்டரை வச்ச மாதிரி ஆயிடும். ஒத்ததிர்வு படுத்துரும், ஸ்வீப் சுருங்கிரும். சில ஜோடியில விரல் பக்கம் அழுத்தினதும் ‘கீ’ன்னு விசில் அடிக்கும். இது பெடல் கெட்டுப்போனதால இல்ல, எவ்வளவு விலை கொடுத்த வாவாவா இருந்தாலும் நடக்கும்.

வழி மூணு இருக்கு.

ஃபஸ்ஸை முன்னாடி வச்சு வாவாவைப் பின்னாடி வைக்கிறது. செலவே இல்லை. கிட்டார் நேரா ஃபஸ்ஸுக்குள்ள போறதால கிட்டார் வால்யூமைக் குறைச்சா ஃபஸ் சுத்தமாகுற குணமும் கெடாது. ஆனா ஒலி மாறும். ஃபஸ்ல நிறைஞ்ச ஹார்மானிக்ஸை வாவா வடிகட்டுது, ஸ்வீப் ரொம்பப் பெருசா, சிந்தசைசர் மாதிரி கேட்கும். வாவாவுக்குள்ள போற சிக்னலும் பெருசு, அதனால ஃபஸ் வால்யூமைக் கொஞ்சம் இறக்கணும்.

ஃபஸ்ஸோட இன்புட்ல வரிசையா ஒரு ரெசிஸ்டர் போடுறது. 10 கிலோ ஓம்ல தொடங்கி 22 வரைக்கும் போகலாம். விசில் நின்னுரும், ஃபஸ்ஸோட பலமும் கொஞ்சம் குறையும். 50 கிலோ ஓம் பாட்டா வச்சுட்டா வேண்டிய இடத்துல நிறுத்திக்கலாம்.

மூணாவதுதான் என்னைப் பொறுத்தவரை சரி: வாவாவுக்குள்ளயே அவுட்புட் பஃபர், அதாவது அடுத்த பெடலோட பாரம் வாவா மேல விழாம தடுக்கிற சின்ன சர்க்யூட். ஒரே ஒரு ஜேஃபெட் (ஒரு வகை ட்ரான்சிஸ்டர்; கேட், சோர்ஸ் அதோட கால்கள்), 2என்5457 இல்லைன்னா அதை ஒத்தது. கேட்டுக்கு 9 வோல்ட்லயிருந்து 1 மெகா ஓம், தரைக்கு 1 மெகா ஓம். சோர்ஸ்லயிருந்து தரைக்கு 10 கிலோ ஓம். உள்ளே வர 0.1 மைக்ரோ, வெளியே போக 1 மைக்ரோ. வெளியே போற கெப்பாசிட்டரையும் 0.1ஆ வச்சிடாதீங்க. ஃபஸ்ஸோட இன்புட் 10 கிலோ ஓம்னு வச்சா 160 ஹெர்ட்ஸுக்குக் கீழ எல்லாம் கரைஞ்சிரும், அடி ஸ்ட்ரிங் ஒல்லியாயிடும். 1 மைக்ரோன்னா 16 ஹெர்ட்ஸ், கவலை இல்லை.

பஃபர் வைக்கிற இடம் முக்கியம். வாவா சர்க்யூட்டுக்கும் கால் சுவிட்சுக்கும் நடுவுல வரணும். அப்பதான் வாவாவை அணைச்சா பஃபரும் விலகும், கிட்டார் நேரா ஃபஸ்ஸைப் பார்க்கும். சுவிட்சுக்கு வெளியே வச்சா எப்பவும் ஃபஸ்ஸுக்கு முன்னாடி பஃபர் நிக்கும். கிட்டார் வால்யூமைக் குறைச்சாலும் ஃபஸ் கரகரன்னே இருக்கும்.

ஜிசிபி95, வி847-ஏ ரெண்டுலயும் இன்புட் பஃபர் இருக்கு. அது வேற வேலைக்கு, இந்தப் பிரச்சினையைத் தீர்க்காது. கடையில இப்படிப் பாருங்க: வாவாவை அணைச்சு, பின்னாடி உங்க ஃபஸ்ஸை மாட்டி, கிட்டார் வால்யூமை 10லயிருந்து 4க்கு இறக்குங்க. வாவா இல்லாம நேரா மாட்டினப்ப சுத்தமாகுற அளவுக்கு இப்பவும் ஆகுதா? ஆகுதுன்னா எடுத்துக்கலாம். உங்க ஃபஸ்ஸைக் கையோட எடுத்துட்டுப் போங்க, கடையில இருக்கிற வேற ஃபஸ் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது.

#6 தெம்பனிஸ்_டோன்

இது தெரியாம வாங்கியிருந்தா பெடல் ரிப்பேர்னு திருப்பிக் கொடுத்திருப்பேன். இன்னொரு கேள்வி: இன்புட் பஃபர் எதுக்கு? பழைய பெடல்ல இல்லாததை ஏன் சேர்த்தாங்க? அப்புறம், ஒரே அடாப்டர்லயிருந்து எல்லாப் பெடலுக்கும் பிரிச்சுக் கொடுக்கலாமா? ஒரு ஜெர்மானியம் ஃபஸ்ஸும் வாங்குற எண்ணம் இருக்கு.

#7 சால்டர்_புகை

பழைய பெடலில் சுவிட்ச் ஒரு பக்கத்தை மட்டும்தான் மாற்றும். அணைத்தாலும் வாவாவின் இன்புட் கிட்டாரோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். 68 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு தொடங்கும் அந்த இன்புட் ஒரு பாரமாக நின்று சிங்கிள் காயிலின் பளபளப்பைத் தின்றுவிடும். இன்புட் பஃபர் அந்தப் பாரத்தை நீக்குகிறது. அணைத்ததும் சர்க்யூட்டை இரு பக்கமும் துண்டிக்கும் ட்ரூ பைபாஸ் சுவிட்ச் போட்டாலும் அதே பலன். பழையதை அப்படியே வைத்துக்கொள்வதில் இந்த ஒரு குறையைத் திருத்தத் தயங்க வேண்டாம், ஒலியின் குணத்தை அது தொடாது.

#8 ஈசூன்_ஃபஸ்

அடாப்டர்: வாவாவுக்கு 9 வோல்ட், நடு முனை மைனஸ். மின்சாரம் ரொம்பக் கம்மிதான் குடிக்கும். வெளிநாட்டுலயிருந்து பெடலோட வர்ற அடாப்டர்ல 120 வோல்ட்னு மட்டும் போட்டிருந்தா இங்க 230 வோல்ட்ல மாட்டிடாதீங்க, முள்ளுக்குக் கன்வெர்ட்டர் போட்டாலும் சரி. அடுத்த நொடியே எரிஞ்சிரும்.

ஜெர்மானியம் ஃபஸ்: பிஎன்பி ட்ரான்சிஸ்டர்னா பெரும்பாலும் தரை பிளஸ்ல இருக்கும். வாவா தரை மைனஸ். ரெண்டையும் ஒரே அடாப்டர்லயிருந்து கிளை பிரிச்சுக் கொடுத்தா, சிக்னல் கேபிளோட வெளி உறை வழியா பிளஸ்ஸும் மைனஸும் நேரா முட்டிக்கும். ஷார்ட். அந்த ஃபஸ்ஸுக்கு மட்டும் பேட்டரி, இல்லைன்னா ஒவ்வொரு முனையும் தனித்தனியா இருக்கிற பவர் சப்ளை. இன்னொன்னு, ஜெர்மானியம் சூட்டுக்கு ரொம்ப மசியும். சமூக மன்றத்துத் திறந்த மேடையில மத்தியானம் வாசிச்சா ஏசி ஸ்டூடியோவுல வச்ச பயாஸ் (ட்ரான்சிஸ்டர் வேலை செய்யுற வோல்ட் நிலை) இருக்காது. வாவாவோட சேர்த்துப் பயன்படுத்தணும்னா சிலிக்கனையே முதல்ல சரி பண்ணிக்குங்க.

#9 பழையசாமான்

கரோசெல் இத்தாலிப் பெடல் பத்திக் கேட்டிருந்தீங்க.

அடித்தட்டுல கிளைட் மெக்காய் படமோ கையெழுத்தோ இருக்கிறது எதையும் நிரூபிக்காது, தட்டு மட்டும் தனியா மாத்த முடியும். விற்கிறவர்கிட்ட நாலு போட்டோ கேளுங்க: போர்டோட மேல் பக்கம், சால்டர் பக்கம், பாட்டோட முதுகு, இண்டக்டர் கிட்டத்தில. நாலும் ஒரே காலத்துப் பொருளா இருக்கணும். உலோகத் தொப்பி போட்ட பிசி109 மாதிரி ட்ரான்சிஸ்டர் பக்கத்தில இந்த வருஷத்துப் பளபளா சால்டர் தெரிஞ்சா என்ன மாத்தினாங்கன்னு கேளுங்க. மாத்தினது குத்தம் இல்லை, பாட்டும் கெப்பாசிட்டரும் தேயுற பொருள். ஆனா ‘எல்லாம் ஒரிஜினல்’ விலை கொடுக்கக் கூடாது.

எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன்ல சந்திச்சு வாங்குறதுதான் இங்க வழக்கம், அங்க ஆம்ப் இருக்காது. பேட்டரியில ஓடுற ஹெட்ஃபோன் ஆம்ப், குட்டையான கேபிள் ரெண்டு, புது 9 வோல்ட் பேட்டரி, ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டுப் போங்க. கிட்டார் கொண்டுபோக முடியலைன்னா போன்ல ஒரு சுத்தமான கிட்டார் பதிவை வச்சு, ஹெட்ஃபோன் துளையிலயிருந்து குறைஞ்ச சத்தத்தில பெடலுக்குள்ள விடலாம். ஸ்வீப்பும் கரகரப்பும் அதிலயே தெரிஞ்சிடும்.

அடித்தட்டைத் திறந்ததும் முதல்ல பேட்டரி மூலையைப் பாருங்க, பச்சையா பூத்திருந்தா கசிஞ்சிருக்கு. பாட்டோட தண்டைப் பிடிச்சு ஆட்டுங்க, பக்கவாட்டில ஆடினா பாட் தேஞ்சது. பிளாஸ்டிக் பல்சட்டத்தில பல் உடைஞ்சிருக்கான்னு விரலால தடவிப் பாருங்க. மல்டிமீட்டர் இருந்தா இண்டக்டரோட ரெண்டு காலையும் அளங்க. சில பத்து ஓம் வந்தா சுருள் உயிரோட இருக்கு. 33 கிலோ ஓம் பக்கம் காட்டினா சுருள் அறுந்துபோய், இணையா நிக்கிற ரெசிஸ்டர்தான் தெரியுது.

வெளிநாட்டுலயிருந்து ஆர்டர் பண்ணினா: 2023லயிருந்து 400 வெள்ளிக்குக் கீழ உள்ள பொருளுக்கும், இங்க பதிவு செஞ்ச வெளிநாட்டு விற்பனையாளர்கிட்ட வாங்கினா பொருள் சேவை வரி உண்டு. இப்ப 9 விழுக்காடு. 250 வெள்ளிப் பெடல் 272.50. 400ஐத் தாண்டினா எல்லையில வரி, அதுக்கு மேல கூரியர் கட்டணம் வேற வரலாம். இதைச் சேர்த்துக்கிட்டு உள்ளூர்க் கடை விலையோட ஒப்பிடுங்க.

#10 காலாங்_பாஸ்

பாஸ் கிட்டார்காரர்கள் யாராவது இதைப் படித்தால்: ஸ்வீப் கெப்பாசிட்டரை 0.022க்கு ஏற்றினால் உச்சி சுமார் 1500 ஹெர்ட்ஸ், அடியும் அதற்கேற்ப இறங்கும். ஆனாலும் வாவா தன் உச்சிக்குக் கீழே உள்ளதை வெட்டும். சுத்த ஒலியைப் பக்கத்தில் கலந்து கொடுக்காமல் பாஸுக்கு அடித்தளம் கிடைக்காது.

#11 ஆறுகம்பி

பட்டியலில் உள்ளவற்றைப் பற்றி என் கருத்து.

சிபிஎம்95 சின்னதாக இருப்பதால் மிதியின் பயணமும் குட்டை. ட்ரூ பைபாஸ், ஃபேசல் இண்டக்டர், உள்ளே மூன்று ஸ்வீப் நிலைகளுக்கு ஒரு சுவிட்ச் எல்லாம் உண்டு. நல்ல பெடல்தான். ஆனால் நீங்கள் கேட்பது நடுவில் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்துவது. அதற்குக் காலுக்கு நீளம் வேண்டும். ஆகவே முழு அளவு மிதியையே எடுங்கள்.

எக்ஸோடிக் எக்ஸ்டபிள்யூ-1 பட்டியலில் இல்லை, இருந்திருக்கலாம். அறுபதுகளின் கிளைட் மெக்காயை மாதிரியாக வைத்துச் செய்தது, வழக்கமான அளவில் 20 விழுக்காடு சிறியது. பயாஸ், ஒத்ததிர்வுக் கூர்மை, ட்ரெபிள், பாஸ் நான்குக்கும் பக்கத்திலேயே குமிழ் இருக்கிறது. சால்டர் தொடாமல் ஒலியைத் தேட விரும்புகிறவருக்கு இதுதான் நேர் வழி. பட்ஜெட்டைத் தாண்டினால் இரண்டாம் கைப் பொருளாகப் பாருங்கள். கையால் ஒயர் போட்ட வாக்ஸ் வி846-எச்டபிள்யூ இன்னும் மேலே.

சால்டர் தொடத் தயார் என்றால் பயன்படுத்திய ஜிசிபி95. இங்கே எப்போதும் விற்பனைக்குக் கிடைக்கும், பாகமும் சுலபமாகக் கிடைக்கும். மிச்சக் காசில் பாட்டும், பிறகு ஆசை இருந்தால் இண்டக்டரும் மாற்றலாம்.

#12 தெம்பனிஸ்_டோன்

பயன்படுத்தின ஜிசிபி95 எடுத்தாச்சு. ஃபஸ் பரிசோதனை சரியா வந்தது. போர்டில பாகங்கள் எல்லாம் கால் வச்சவை, மேற்பரப்பில ஒட்டினது இல்லை. விரல் பக்கம் காது குத்துது, அடிப்பக்கம் ஒல்லி. எதிலயிருந்து தொடங்க?

#13 சால்டர்_புகை

சால்டர் கோலை எடுப்பதற்கு முன் பல்சக்கரம். பாதிப் பெடல்களில் குறை இங்கேயே தீர்ந்துவிடும்.

கேபிள், அடாப்டர், பேட்டரி மூன்றையும் கழற்றுங்கள். அடியில் நாலு ரப்பர் கால்களின் ஸ்க்ரூவை எடுத்துத் தட்டைத் திறங்கள். மிதியிலிருந்து இறங்கும் பல்சட்டம் பாட்டின் பல்சக்கரத்தோடு கடித்து நிற்பது தெரியும். இப்போது கடித்திருக்கும் பல்லிலும் சட்டத்திலும் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். இது இல்லாமல் கழற்றினால் தொடங்கிய இடத்துக்குத் திரும்ப முடியாது.

மல்டிமீட்டரை 200 கிலோ ஓமில் வைத்து, ஒரு முள்ளைப் பாட்டின் நடுமுனையிலும் மற்றதைத் தரை முனையிலும் பிடியுங்கள். பாட்டின் இரண்டு பக்கமும் 0.22 கெப்பாசிட்டர் நிற்பதால் சர்க்யூட்டில் இருக்கும்போதே அளவு சரியாக வரும். மிதியைக் குதிகால், கால், பாதி, முக்கால், விரல் என ஐந்து இடங்களில் நிறுத்திக் குறித்துக்கொள்ளுங்கள். பாதியில் 50 பக்கம் காட்டினால் யாரோ நேர்கோட்டு பாட் போட்டிருக்கிறார்கள், அதை மாற்றியே ஆக வேண்டும். சாதாரணக் கிட்டார் பாட் பொருந்தாது, தண்டில் பல்சக்கரத்தோடு வாவாவுக்கென்றே வரும் பாட் வேண்டும். பாதியில் 10க்கும் 20க்கும் இடையே காட்டினால் ஒலி அங்கே 850இலிருந்து 1100 ஹெர்ட்ஸுக்குள் நிற்கும். நல்ல நடு அது.

விரல் முனையில் 0 காட்டினால் காது குத்துவதன் காரணம் கிடைத்துவிட்டது. சட்டத்தை அழுத்திப் பிடித்திருக்கும் கிளிப்பை விலக்கி, சக்கரத்தை ஒரு பல் நகர்த்திக் கடிக்க விடுங்கள். முழுக்க அழுத்தினால் 1 முதல் 2 கிலோ ஓம் மிச்சம் இருக்கட்டும். ஒரு பல் போதும், இரண்டு நகர்த்தினால் ‘ஈ’ காணாமல் போகும். பாட்டின் தடுப்பு முனையில் சக்கரம் முட்டும்படி ஒருபோதும் வைக்காதீர்கள். காலின் பலம் முழுக்க அந்தச் சின்னத் தடுப்பில் இறங்கி உடைத்துவிடும்.

அடுத்து கெப்பாசிட்டர். இங்கே எதையும் கழற்ற வேண்டாம். போர்டின் ஓட்டைகளைப் பலமுறை சூடாக்கினால் செம்பு வட்டம் எழுந்துகொள்ளும், இந்த வேலையில் நடக்கும் பெரிய சேதம் அதுதான். இருப்பதன் மேல் இணையாக வைத்தால் போதும்.

ஸ்வீப் கெப்பாசிட்டர், மேலே 103 என்று அச்சிட்டது. இன்புட்டிலும் இன்னொரு 103 உண்டு, குழம்ப வேண்டாம். இண்டக்டரிலிருந்து இரண்டாவது ட்ரான்சிஸ்டரின் எமிட்டர் காலுக்குப் போவதுதான் நமக்கு வேண்டியது. அதன் அடியில் 472 ஃபிலிம் கெப்பாசிட்டரை இணையாக வையுங்கள். 0.01ம் 0.0047ம் சேர்ந்து 0.0147. உச்சி 2250இலிருந்து 1850 பக்கம் வரும், அடியும் அதே விகிதத்தில் இறங்கும். பல்சக்கரத்தையும் நகர்த்தி இதையும் செய்தால் அளவு மீறும். ஒன்றைச் செய்து ஒரு வாரம் வாசித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

அடி ஒல்லியாக இருப்பதற்கு முதல் ட்ரான்சிஸ்டரின் எமிட்டர் ரெசிஸ்டர். 470 ஓம் இருந்தால் இணையாக 2.2 கிலோ ஓம் வைக்க 387 ஆகும், பலமும் அடியும் ஏறும். உங்கள் போர்டில் ஏற்கெனவே 390 இருந்தால் விட்டுவிடுங்கள். இன்னும் குறைத்தால் ஃபஸ்ஸோடு சேரும்போது இரைச்சல்தான் ஏறும். இன்புட்டின் 68 கிலோ ஓமுக்கு, நீலம் சாம்பல் ஆரஞ்சு, இணையாக 220 கிலோ ஓம் வைத்தால் 52. நடு ஒலி சற்று முன்னால் வரும்.

இண்டக்டருக்கு இணையாக நிற்கும் 33 கிலோ ஓம், மூன்று கோடும் ஆரஞ்சு, ஒத்ததிர்வின் கூர்மையைத் தீர்மானிக்கிறது. இதை ஏற்ற வேண்டுமானால் ஒரு காலைத் தூக்கியே ஆக வேண்டும். 47 வைத்தால் உயிரெழுத்துகள் இன்னும் தெளிவாகும். 100 வரை போகிறவர்கள் உண்டு, ஃபஸ்ஸோடு அது கீச்சிடும். நீங்கள் 47ஐத் தாண்ட வேண்டாம்.

பாகங்களுக்கு ஜாலான் புசாரில் சிம் லிம் டவர். ஃபிலிம் என்று கேட்டு வாங்குங்கள், செராமிக் வேண்டாம்.

#14 ஆறுகம்பி

ஒன்று சேர்க்கிறேன். இந்த ஊர் ஈரத்தில் பாட்தான் முதலில் கரகரக்கும். ஏசி ஸ்டூடியோவில் குளிர்ந்த பெடலை உடனே வெளியே எடுத்துப் போனால் உள்ளே நீர் பூக்கும். பையிலேயே வைத்து அரை மணி நேரம் விட்டுத் திறங்கள். கேமராவுக்கு டிரை கேபினெட் இருந்தால் அதில் 45 முதல் 50 விழுக்காட்டில் பெடலுக்கும் ஒரு இடம் கொடுங்கள்.

கரகரப்பு வந்தால் எண்ணெய் தங்காத கான்டாக்ட் கிளீனரை பாட்டின் இடுக்கில் ஒரு துளி விட்டு, மிதியை முப்பது தடவை ஆட்டுங்கள். அடுத்த நாளே திரும்ப வந்தால் பாட்டைக் குற்றம் சொல்வதற்கு முன் அதன் முனைகளில் டிசி வோல்ட் அளந்து பாருங்கள். ஒன்றும் இருக்கக் கூடாது. கொஞ்சமாவது காட்டினால் பக்கத்தில் உள்ள 0.22 கெப்பாசிட்டர், 224 என்று போட்டது, கசிகிறது. அதை மாற்றாமல் எத்தனை பாட் மாற்றினாலும் கரகரப்பு வரும்.

#15 தெம்பனிஸ்_டோன்

விரல் முனையில 0 தான் காட்டிச்சு. ஒரு பல் நகர்த்தினதும் 1.6. காது குத்துறது போச்சு, 472 இன்னும் வைக்கலை. இப்ப ரெண்டு விஷயம்: விரலை அழுத்தி வாசிக்கும்போதே சில நேரம் சுவிட்ச் தானா அணைஞ்சிருது. அப்புறம், ட்ரூ பைபாஸ் சுவிட்ச் போட்டா ‘டப்’னு சத்தம் வரும்னு சொல்றாங்களே?

#16 சால்டர்_புகை

சுவிட்சின் கழுத்தில் மேலும் கீழும் இரண்டு நட்டு இருக்கும். மேல் நட்டைத் தளர்த்தி, கீழ் நட்டைத் திருகி, சுவிட்சை ஒன்றிரண்டு மில்லி மீட்டர் கீழே இறக்குங்கள். மிதியின் அடியில் விரல் பக்கம் ஒட்டியிருக்கும் பஞ்சு தட்டிப்போயிருந்தால் அதே தடிமனில் புதிதாக ஒட்டுங்கள். வாசிக்கும்போது விரல் அந்தப் பஞ்சில் இளைப்பாற வேண்டும், உடம்பு எடையைச் சாய்த்தால்தான் சுவிட்ச் ‘கிளிக்’ என்று விழ வேண்டும். மேல் நட்டை இறுக்கிய பிறகு விரல் முனை அளவை மறுபடி பாருங்கள். பஞ்சின் தடிமன் மாறினால் அந்த 1.6ம் மாறியிருக்கும்.

‘டப்’ சத்தத்துக்கு சர்க்யூட்டின் இன்புட்டிலிருந்து தரைக்கு ஒரு 1 மெகா ஓம், அவுட்புட்டிலிருந்து தரைக்கு இன்னொன்று. இரண்டும் சுவிட்சின் சர்க்யூட் பக்கத்துக் கால்களில் இருக்க வேண்டும், ஜாக்கில் அல்ல.